சுருள் சுற்றும் கைகள்

வேப் பாவிக்கும் நமது பொடியன்மார் சிலர், சுவை கூடுமென்று சிறிய கொயிலைத் தாமே சுற்றுகிறார்கள். எத்தனை சுற்றுக்கு எத்தனை ஓம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். பஞ்சை இறுக்கினால் திரவம் ஏறாமல் கருகும், தளர்த்தினால் ஒழுகும் என்பதும் தெரியும். ஓமின் விதியைக் கரும்பலகையோடு முடித்த ஆசிரியர்கள் நாம், கோபப்படும் முன் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் அந்த மாம்பழச் சுவையோடு பெரும்பாலும் உள்ளே போவது நிக்கொட்டின். வளரும் மூளை அதற்குச் சீக்கிரம் அடிமையாகும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிள்ளையின் அறைக்குள் சட்டம் வராது, நாம்தான் போகவேண்டும்.

வாப்பாமாரே, உம்மாமாரே, பறித்தெடுப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்தக் கைகளுக்குப் பழுதான மின்விசிறியொன்றைக் கொடுப்போம். பாடசாலை ஆய்வுகூடத்தை நாங்கள் திறந்து வைக்கிறோம்.