பாட்டனார் ரிவால்வரும் பாடபேதமும்

அமெரிக்காவில் பாட்டனாரின் பெட்டியிலிருந்து பழைய ரிவால்வர் ஒன்று பேரனின் கைக்கு வந்து சேர்வது அரிய நிகழ்ச்சியன்று. வந்ததும் அவன் செய்யத் துடிப்பவை இரண்டு: மெருகேற்றிப் பார்ப்பது, சுட்டுப் பார்ப்பது. இரண்டுக்கும் முன்னால் அதை வாசித்தாக வேண்டும் என்பது நம் கட்சி. தமிழாசிரியருக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். ஏடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது.

வெப்லி ஆறாம் மார்க்கை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியப் படை 1915இல் ஏற்றுக்கொண்ட கனத்த ரிவால்வர் இது; .455 தோட்டா ஆறு கொள்ளும். இடப்பக்கத்து நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் நடுவே திறந்துகொள்ளும். அறைகள் ஆறும் வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின்னரே வாசிப்பு தொடங்க வேண்டும். மேனியெங்கும் எழுத்துகள்: மார்க்கின் பெயர், ஆண்டு, தொடர் எண், அழுத்தச் சோதனை முத்திரைகள், அரசுடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறி. அம்புகள் இரண்டு முனையோடு முனை முட்டி நின்றால், படையிலிருந்து விற்றுக் கழிக்கப்பட்டது என்று பொருள்.

இனி இடைச்செருகலுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உபரிச் சரக்காக அமெரிக்கா சென்ற வெப்லிகள் பலவற்றில், சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்து குறைத்துவிட்டார்கள். அங்கே .455 தோட்டா கிடைப்பது அரிது; .45 ஏசிபி மலிவு. பிறைவடிவத் தகட்டில் செருகினால் அது இதில் பொருந்திவிடும். பொருந்துவதுதான் ஆபத்து. .45 ஏசிபிக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு; .455 தோட்டாவுக்கோ ஏறத்தாழ 13,000தான். ஒவ்வொரு வேட்டும் சிலிண்டரை அதன் அளவுக்கு மீறி வருத்துகிறது. 'தாத்தா முப்பது ஆண்டு இதைத்தானே சுட்டார்?' என்பது வாதமாகாது. அவர் சுட்ட வேட்டுகளையும் அந்த இரும்பு தாங்கியிருக்கிறது. அடுத்தது யார் கையில் வெடிக்கும் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆகவே சுடவே கூடாது என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் சிலிண்டர் பூட்டு, விசை, குழல் அனைத்தையும் ஆராய்ந்து ஒப்பியபின், .455க்குரிய குறைந்த அழுத்தத்தில் அடைத்த தோட்டாவால் தாராளமாகச் சுடலாம்.

மெருகு விஷயத்தில்தான் நாம் சற்றுக் கடுமை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் புது நீலப்பூச்சு ஏற்றுபவர், முத்திரைகளின் விளிம்பையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். சிதைந்த ஏட்டில் தம் சொல்லைப் புகுத்திச் செம்மை செய்ததாகச் சொல்லும் பதிப்பாசிரியருக்கும் இவருக்கும் வேற்றுமை காணோம். மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். தோலுறையில் வைத்து மூடக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும்.

கடைந்த சிலிண்டரா, எந்தத் தோட்டா, யார் ஆராய்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அந்தப் பாட்டனார் ஏனோ அதைச் செய்யவில்லை.