கத்தரி எடுக்கும் முன் ஒரு சொல்

துணிக்கடையில் வாங்கிய சட்டை பொருந்தவில்லையென்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். உணவகத்தில் தோசை கருகியிருந்தால் வேறொன்று கேட்கலாம். முடிதிருத்தகத்தில் அவ்வாறு செய்ய இயலாது. வெட்டிய முடி மீண்டும் வளரும் வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே, அங்கே கத்தரி எடுக்கும் முன் பேசப்படும் இரண்டு நிமிடப் பேச்சே, அனுபவம் நல்லதா தீயதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. அந்தப் பேச்சுக்குக் கடைக்காரர் மட்டுமல்லர், நாமும் பொறுப்பு.

பணியிட மாறுதலில் கொல்கத்தாவுக்கு வந்த முதல் மாதம், குளிரூட்டப்பட்ட முடிதிருத்தகம் ஒன்றுக்குச் சென்றேன். எனக்கு வங்காள மொழி தெரியாது. எங்கோ கேட்ட 'சோட்டோ' என்னும் சொல்லை மட்டும் இருமுறை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அச்சொல்லுக்குச் 'சிறியது' என்று பொருள். 'ஏக்டு' என்பதை முன்னே சேர்த்திருந்தால் 'சற்றே சிறியதாக' என்று ஆகியிருக்கும். கண் திறந்தபோது தலையில் முடி என்று சொல்லத்தக்க அளவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மறுநாள் மாணவர் ஒருவர், "ஐயா, திருப்பதிக்கா சென்று வந்தீர்கள்?" என்று பணிவாகவே கேட்டார்.

பிழை யாருடையது? எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை; நானும் விளக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வெளியேறினேன். அதன்பின் அக்கடையைப் பற்றிப் பல மாதங்கள் குறை கூறித் திரிந்தேன். அவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லாமல் ஊரெல்லாம் சொன்னேன். அது நேர்மையான செயல் அன்று என்பதை என் மாணவி ஒருத்திதான் எனக்கு உணர்த்தினாள்.

அவள் தன் தாயாருடன் ஓர் அழகுநிலையத்துக்குச் சென்றிருந்தாள். வாயிலில் முடிவெட்டும் கட்டணம் எழுதப்பட்டிருந்தது. உள்ளே பணிப்பெண் விரைவாக ஏதோ கேட்க, மொழி புரியாத தாயார் புன்னகைத்துத் தலையசைத்தார். இறுதியில் தலை அலசியதற்கும் எண்ணெய் தேய்த்ததற்கும் சேர்த்து, எழுதியிருந்ததைப்போல் மூன்று மடங்கு தொகை கேட்டார்கள். கேள்வி என்னவென்று மகளுக்குப் புரிந்திருந்தது. ஆனால், நான்கு பேர் நடுவே விலையைக் கேட்பது நாணமாக இருந்தமையால் அவள் வாய் திறக்கவில்லை. அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லையாம். மறுநாள் தாயாரை அழைத்துக்கொண்டு, பற்றுச்சீட்டுடன் அக்கடைக்கே சென்றாள். "எண்ணெய் தேய்ப்பதற்குத் தனிக் கட்டணம் என்று எங்களிடம் சொல்லவில்லை, தீதி" என்று வங்காளத்திலேயே அமைதியாகக் கூறினாள். உரிமையாளர் பணிப்பெண்ணை அழைத்து விசாரித்தார். விலை சொல்லப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அத்தொகையைத் திருப்பித் தந்தார். தாயும் மகளும் இன்றும் அக்கடைக்குத்தான் செல்கிறார்கள்.

நான் இழந்ததும் அவள் பெற்றதும் இதுவே. என் மௌனத்தால் அந்த முடிதிருத்துநர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அவள் பேச்சால் ஒரு கடை திருந்தியது.

மாணவர்களே, உங்களுள் பலர் வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். லேக் மார்க்கெட்டில் காப்பித்தூளும் வாழையிலையும் வாங்கும்போது உங்கள் தாயார் துணிவாகப் பேரம் பேசுவார். அங்கே தமிழ் அறிந்த கடைக்காரர்கள் உண்டு. அதே தாயார் வேறு கடைகளில் தலையை மட்டும் அசைப்பார். அந்தத் தலையசைப்பு இசைவு அன்று. புரியாமையை மறைக்கும் பணிவு. நீங்கள் அருகில் இருந்தால், கேட்கப்பட்டது என்ன, விலை என்ன என்பதை அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். இங்கே ஆடவரைத் 'தாதா' என்றும் மகளிரைத் 'தீதி' என்றும் அழைப்பது மரியாதை. நம் தமிழ்த் திரைப்படங்களில் 'தாதா' என்றால் அடியாட்களின் தலைவன்; இங்கே அது அண்ணன். அந்த ஒரு சொல்லோடு தொடங்கினால், கேள்வி சண்டையாக மாறாது.

நல்ல முடிதிருத்தகத்தை எவ்வாறு அறிவது? கண்ணாடியும் குளிரூட்டியும் அளவுகோல் ஆகா. கொல்கத்தாவின் நடைபாதைகளில் செங்கல்மேல் வாடிக்கையாளரை அமர்த்தி முடிவெட்டுவோர் உண்டு. வங்காளத்தில் 'இட்' என்றால் செங்கல். ஆகையால் அக்கடைகளை 'இட்டாலியன் சலூன்' என்று இந்நகர மக்கள் நகைச்சுவையாகக் குறிப்பிடுவர். அத்தகைய ஒருவரிடம்தான் நான் இப்போது செல்கிறேன். விரலால் அளவு காட்டி, 'இவ்வளவா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டபின்னரே அவர் தொடங்குவார். ஆயினும், ஒருநாள் பழைய சவர அலகையே எடுத்தார். புதியதை மாட்டும்படி வேண்டினேன், சிரித்துக்கொண்டே மாற்றினார். எளிய கடை என்பதற்காகத் தூய்மையை விட்டுக்கொடுக்கலாகாது. ஒருவருக்குப் பயன்படுத்திய அலகை மற்றவருக்குப் பயன்படுத்தினால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் 'பி' போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியே பரவக்கூடும். அவ்வாறே, முடிச்சாயங்கள் பலவற்றில் உள்ள பாராஃபினைலீன் டைஅமீன் என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். சாயத்தைச் சிறிதளவு தோலில் தடவி முன்னதாகவே சோதித்துப் பார்க்கும் கடையே பொறுப்புள்ள கடை. கேட்டறிதல், விலையை முன்னரே கூறுதல், தூய்மை பேணுதல், பிழை நேர்ந்தால் ஒப்புக்கொள்ளுதல் ஆகிய நான்கும் இருந்தால், அது செங்கல்மேல் நடந்தாலும் நல்ல கடையே.

பேசியும் பயனில்லையென்றால் சட்டம் துணை நிற்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளை வாங்குவோர் மட்டுமன்றி, கட்டணம் செலுத்திச் சேவை பெறுவோரும் இச்சட்டப்படி நுகர்வோரே. பற்றுச்சீட்டு தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது இச்சட்டம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஈராண்டுக்குள் முறையிடலாம்.

இதற்கு ஒரு வழக்கு சான்றாகும். 2018இல் தில்லி நட்சத்திர விடுதி ஒன்றின் முடிதிருத்தகத்தில், தாம் சொன்ன அளவுக்கு மிகுதியாகக் கூந்தல் வெட்டப்பட்டதென விளம்பர நடிகை ஒருவர் முறையிட்டார். 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அவருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சேவைக் குறைபாடு நிகழ்ந்ததென்னும் முடிவை மாற்றவில்லை; ஆனால், இழப்பீட்டுத் தொகையைச் சான்றுகளின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று கூறி, வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. முடிவெட்டுதலும் சட்டம் மதிக்கும் சேவையே என்பது இதிலிருந்து நாம் பெறும் முதல் பாடம். சினம் சான்று ஆகாது என்பது இரண்டாவது பாடம். சீட்டைப் பத்திரப்படுத்துவோரின் சொல்லுக்கே வலிமை மிகுதி.

உரிமையைப் பேசும்போது கடமையையும் பேச வேண்டும். முடிதிருத்துநர் நாள் முழுவதும் நின்றுகொண்டே உழைப்பவர். தமிழகத்தில் இத்தொழில் செய்தோர் மருத்துவமும் பார்த்தனர். அவர்தம் குடும்பப் பெண்கள் மகப்பேறு பார்த்தனர். ஆகவே அவர்களுக்கு 'மருத்துவர்' என்னும் பெயரும் வழங்கிற்று. ஆயினும், படிக்காத பிள்ளையை இத்தொழிலின் பெயரைச் சொல்லி ஏசும் தீய வழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் உண்டு. பாட்னாவில் 1759இல் பிறந்து வங்காளப் படையில் பணியாற்றிய சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் தலையும் உடலும் பிடித்துவிடும் குளியல் நிலையம் நடத்தி, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே அப்பணியைச் செய்து புகழ்பெற்றார். 'ஷாம்பு' என்னும் சொல், பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதே. ஒரு மன்னர் மதித்த கைத்திறனை நாம் ஏசுசொல்லாக வழங்குவது நமக்குத்தான் இழுக்கு. பணியாளரை ஒருமையில் அழைப்பவருக்கு, தம்மை மரியாதையாக நடத்தவில்லை என்று முறையிடும் தகுதி இல்லை.

சென்ற மாதம், நான் முன்பு மௌனமாக வெளியேறிய அந்தக் கடைக்கு மீண்டும் சென்றேன். 'ஏக்டு சோட்டோ, தாதா' என்றேன். விரலால் அளவும் காட்டினேன். முன்பு நடந்ததையும் தயங்காமல் சொன்னேன். அவர் வருந்தினார், பின்னர், "அன்றே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். அவர் கேட்டது முறையே.

சிந்தித்து எழுதுக

1. ஆசிரியரும் மாணவியும் தத்தம் குறையை எதிர்கொண்ட முறைகளை ஒப்பிடுக.
2. நீ உன் பெற்றோருக்காக மொழிபெயர்த்த நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.
3. ஒரு தொழிலின் பெயரை ஏசுசொல்லாக வழங்குவது ஏன் தவறு? உன் கருத்தைக் காரணங்களுடன் விளக்குக.