லேபிளை நம்பாத திருப்பூர், லேபிளை நம்பிய ஆய்வகங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தால், முதல் நாளே டன் கணக்கில் சாயம் ஏற்றிவிட மாட்டார்கள். பையர் கேட்ட ஷேடில் சின்னத் துண்டுகளுக்குச் சாயமேற்றி ‘லேப் டிப்’ அனுப்புவார்கள். லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ‘ஓகே’ சொன்ன பிறகுதான் பல்க். டப்பாவில் ‘நேவி ப்ளூ’ என்று எழுதியிருக்கிறது என்பதற்காக யாரும் நம்பி இறங்குவதில்லை. ஒரு கன்டெய்னர் ரிஜெக்ட் ஆனால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும்.

மனித உடலை ஆராயும் ஆய்வகங்களில் இதைவிடக் கறாராக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பல நேரம் அப்படி இல்லை.

ஆன்டிபாடி என்ன செய்கிறது?

நம் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அனுப்பும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். அந்தச் செய்தியை வாங்க செல்லின் மேற்பரப்பில் காத்திருப்பவை ரிசெப்டர்கள், அதாவது ஏற்பிகள். ஒரு செல்லில் குறிப்பிட்ட ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க, அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடியைப் பயன்படுத்துவார்கள்.

விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்தால் அது பல ஆன்டிபாடிகளின் கலவை: பாலிகுளோனல். ஒரே செல்லின் வாரிசுகள் தயாரிக்கும் ஒரே ரகம் என்றால் மோனோகுளோனல். இதற்கான வழியை 1975-ல் கோலர், மில்ஸ்டீன் இருவரும் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

ஆள் மாறாட்டம்

ஈ.பி.ஓ. ஊசியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தசோகைக்காகப் போடுவது. எரித்ரோபொய்டின் என்பது முழுப்பெயர். அதன் ஏற்பி, சைட்டோகைன் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் ரத்தசோகைக்கும் இந்த மருந்தைக் கொடுத்தார்கள். 2003-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வு அதிர்ச்சி தந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஈ.பி.ஓ. பெற்றவர்களுக்கு நோய் கட்டுப்பாடு மோசமாக இருந்தது.

ஏன்? கட்டியிலேயே அந்த ஏற்பி இருந்து, மருந்து அதற்குத் தீனி போடுகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆன்டிபாடியை வைத்துச் சோதித்த பல கட்டுரைகள் ‘ஆமாம், இருக்கிறது’ என்றன.

2006-ல் ஆம்ஜென் நிறுவன விஞ்ஞானிகள் அந்த ஆன்டிபாடிகளையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். பலரும் பயன்படுத்திய ஒரு பாலிகுளோனல், ஹெச்.எஸ்.பி.70 என்ற வேறொரு புரதத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது! ஆம்ஜென் ஈ.பி.ஓ. விற்கும் கம்பெனி, சந்தேகப்படலாம்தான். ஆனால் 2007-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதே கேள்வியை எழுப்பினார்கள்.

அதே 2007-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. அது நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்து எடுத்த முடிவு என்பதால் தப்பில்லை. ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை தேடிய பாதை பல ஆண்டுகள் குழம்பிப்போனது. 2010-ல்தான், குறைந்த அளவில் இருந்தாலும் இந்த ஏற்பியைக் காட்டும் ‘ஏ82’ என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடியை ஆம்ஜென் குழு வெளியிட்டது.

ஒரு தடவை நடந்த தப்பா?

இல்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். சராசரியாக ஒரு புரதத்துக்கு 12 கட்டுரைகள் வரை, இலக்கைச் சரியாக அடையாளம் காணாத ஆன்டிபாடியை நம்பி எழுதப்பட்டிருந்தன. மோனோகுளோனல் என்ற பெயரும் உத்தரவாதம் இல்லை. அது ஒட்டும் இடத்தைப் போலவே இன்னொரு புரதத்தில் இருந்தால் அங்கேயும் ஒட்டும். ஒரு முறையில் வேலை செய்தது இன்னொரு முறையில் சொதப்பலாம்.

லேப் டிப் எங்கே?

தீர்வு எளிது. ஏற்பி இருக்கும் செல், ஜீனை நீக்கி ஏற்பியே இல்லாமல் செய்த செல், இரண்டிலும் சோதித்துப் பாருங்கள். இல்லாத இடத்திலும் ‘இருக்கிறது’ என்று காட்டினால் அந்த ஆன்டிபாடி ரிஜெக்ட். எந்த குளோன், எந்த கேட்டலாக் எண் என்பதைக் கட்டுரையில் எழுதுங்கள். ‘நேரமில்லை, ஃபண்ட் இல்லை’ என்பார்கள். லேப் டிப்புக்கும் செலவு உண்டு, ஆனாலும் திருப்பூர் அதை விடுவதில்லை. இந்தச் சோதனைக்கான பணத்தை ஆய்வு நிதியிலேயே தனியாக ஒதுக்க வேண்டும் என்பதே என் வாதம். பி.எச்டி. மாணவர் தலையில் கட்டக்கூடாது.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், நுரையீரல் அழற்சியைத் தூண்டுவதில் சைட்டோகைன்களுக்குப் பங்கு உண்டு. ஸ்பின்னிங் மில் தொழிலாளியின் ரத்தத்தையும் சளியையும் எடுத்து நாளை யாராவது ஆராயும்போது, அங்கேயும் ஆன்டிபாடிதான் சாட்சி சொல்லும். ஒரு டீ-ஷர்ட்டின் ஷேடுக்குக் காட்டும் கறாரை, அந்த நூலை நூற்றவரின் மூச்சுக்கும் காட்ட வேண்டாமா?