வீட்டுப் பிராணிகள்: ஹாம்ஸ்டருக்கு எந்தப் படுக்கை நல்லது?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். பட்டணத்துக்குப் போய்வந்த பிள்ளைகள், "ஹாம்ஸ்டர் வாங்கித் தாங்கம்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பிராணி அது. நாயைப் போல் குரைக்காது. கோழியைப் போல் அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறாது. லயத்து வீடானாலும், தாமான் வீடானாலும், அடுக்குமாடி வீடானாலும் ஒரு மூலை இருந்தால் வளர்த்துவிடலாம். பெற்றோரும் மனமிரங்கி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சில வாரங்களில் அது தும்முகிறது. கண்ணில் நீர் வடிகிறது. ஒரு நாள் காலையில் அசைவில்லாமல் கிடக்கிறது. பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. பெரியவர்களோ, "நமக்கு ராசியில்லை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ராசி கிடக்கட்டும். கூண்டுக்குள் என்ன பரப்பியிருந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். கோளாறு அங்கேயும் இருக்கலாம்.

ஹாம்ஸ்டர் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணி. 1930-ஆம் ஆண்டில் இஸ்ரேல் அஹரோனி என்னும் விலங்கியல் அறிஞர், சிரியா நாட்டில் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டச் செய்து, ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். நாம் வீட்டில் வளர்க்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் வழிவந்தவையே. எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் தோண்டும் ஆசை அதை விட்டுப் போகவில்லை. நாம் பரப்பும் படுக்கைதான் அதற்கு வீடு, போர்வை, தானியக் கிடங்கு, கழிப்பிடம் எல்லாம். இரவும் பகலும் அதன் மூக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: படுக்கையில் வாசனையும் கூடாது, தூசியும் கூடாது. நமக்குக் கமகமவென்று மணப்பது அதற்கு மூச்சுத் திணறலாக முடியும்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

கடையில் விற்கும் மரச்சீவல்களில் சீடார் மரத்துச் சீவல் நல்ல மணமுடையது. அந்த மணம் மரத்தின் எண்ணெயிலிருந்து வருகிறது. அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஈரலுக்கும் வேலை வைக்கும். சீடார் சீவலில் வைத்த ஆய்வுக்கூட எலிகளின் ஈரல் இயல்பாக இயங்குவதில்லை என்பதை விஞ்ஞானிகள் 1960-களிலேயே கண்டறிந்தார்கள். பைன் மரச்சீவலிலும் இத்தகைய எண்ணெய் உண்டு. சூளையில் நன்றாக உலர்த்தியதில் அது குறைவு, உலர்த்தாததை வாங்காதீர்கள். லெவெண்டர் மணம், எலுமிச்சை மணம் என்று வாசனை சேர்த்துப் பொட்டலம் போட்டவையும் வேண்டாம்.

அடுத்தது, மரப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள். இதைத் தோட்டத்துக் குடும்பங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி அறுத்து நாற்காலி, மேசை செய்கிறார்கள். ரப்பர் பலகையைப் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரம் பிடித்துவிடும் என்பதால், போரான் கலந்த மருந்தைப் பலகைக்குள் ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட பலகையை அறுத்த தூளில் அந்த மருந்தும் இருக்கும். ஒட்டுப் பலகையை அறுத்த தூளிலோ பசை இருக்கும். நம் கை நட்ட மரம்தானே என்று அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மேலும், மரத்தூள் மாவு போல நுண்ணியது. ஹாம்ஸ்டருக்கு மட்டுமல்ல, வீட்டில் இழுப்பு நோய் உள்ள பிள்ளை இருந்தால் அதற்கும் ஆகாது.

மூன்றாவது, பஞ்சு. நம் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சும், மருந்துக் கடைப் பஞ்சும், 'ஹாம்ஸ்டர் மெத்தை' என்று விற்கும் பஞ்சும் பார்க்க மிருதுவாக இருக்கும். ஆனால் ஹாம்ஸ்டர் எதையும் கன்னப்பையில் அடைத்துக்கொள்ளும். பஞ்சு இழை அங்கே சிக்கிக்கொள்ளும். விழுங்கினால் குடலை அடைக்கும். காலில் சுற்றினால் இரத்தம் ஓடாமல் கால் அழுகிப்போகும். நீள நீளமான தேங்காய் நாரும் காலில் சுற்றக்கூடியதே.

கெடா, பெர்லிஸ் பக்கத்தில் உமி தாராளமாகக் கிடைக்கும். அது கூர்மையானது, தூசியும் அதிகம். மருந்து அடித்த செம்பனைத் தோட்டத்துப் புல்லைக் காயவைத்துப் போடவே கூடாது. ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மண்ணும் வேண்டாம். வயிற்றுக்குள் போனால் அங்கேயும் அது கட்டியாகும்.

பிறகு எதைத்தான் போடுவது? கவலை வேண்டாம். கடையில் வாங்குவதானால், சாயமும் வாசனையும் இல்லாத காகிதப் படுக்கை, அல்லது ஆஸ்பென் மரச்சீவல். வீட்டிலேயே செய்வதானால், அச்சிடாத வெள்ளைக் காகிதம். வாசனையில்லாத கழிப்பறைக் காகிதத்தை விரலகலத்துக்குக் கிழித்துப் போடலாம். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் மிஞ்சிய தாள்களும் உதவும். கம்பி ஊசிகளை மட்டும் மறக்காமல் நீக்கிவிடுங்கள். செய்தித்தாளின் மை ரோமத்தில் ஒட்டும் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். வழவழப்பான விளம்பரத் தாள் ஈரத்தை உறிஞ்சாது.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் கறுப்புத் துணியின் மேல் உதறுங்கள். துணி வெளுத்துப்போனால் தூசி அதிகம். பிறகு மூக்கருகே கொண்டுபோங்கள். மணம் வந்தால் வேண்டாம்.

எவ்வளவு போட வேண்டும்? இங்கேதான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சியாளர்கள் ஹாம்ஸ்டர்களுக்கு 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கை போட்டுக் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை கம்பியை அதிகமாகக் கடித்தன. 80 சென்டிமீட்டரில் இருந்தவை அந்தப் பழக்கமே இல்லாமல் வளை தோண்டி வாழ்ந்தன. இரவெல்லாம் கம்பியைக் கடிப்பது விளையாட்டல்ல. இடம் போதவில்லை என்று அது படும் பாடு. நம்மால் 80 முடியாவிட்டாலும் ஓர் அரையடிக்குக் குறையாமல் போடுவோம். தட்டு ஆழமில்லாத கம்பிக் கூண்டை விட, பெரிய பிளாஸ்டிக் பெட்டி இதற்கு வசதி. மூடியிலும் பக்கத்திலும் அகலமாக வெட்டிக் கம்பி வலை பொருத்துங்கள். காற்றோட்டமில்லாத பெட்டி நம் ஊர் வெயிலில் அடுப்பாகிவிடும். துத்தநாகக் கூரைக்கு நேர் கீழேயும் சன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்.

தினமும் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் அள்ளி எடுத்துப் புதுக் காகிதம் போடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால் தன் வாசனை போய்விட்டதே என்று அது மிரளும். மாற்றும்போது உலர்ந்த பழைய படுக்கையில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவையுங்கள். குட்டி போட்டிருந்தால் இரண்டு வாரம் கூட்டைக் கலைக்கவே கூடாது. பயந்த தாய் குட்டிகளையே தின்றுவிடுவதுண்டு.

எறும்பு வருகிறது என்று பெட்டிக்குப் பக்கத்தில் பாச்சா உருண்டை வைப்பதும், பூச்சி மருந்து அடிப்பதும் ஆபத்து. பெட்டியை உயரமான பலகையில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மிஞ்சிய படுக்கையை மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள். திறந்த சாக்கில் வீட்டெலி சிறுநீர் கழித்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதிலிருந்து நம் பிள்ளைகளுக்கே வரலாம். சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது; ஹாம்ஸ்டரிடம் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும்.

தும்மல், கண்ணீர், மூச்சில் சத்தம், வயிற்றில் ரோமம் உதிர்தல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே படுக்கையை மாற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுதான். வாய் திறந்து எதையும் கேட்கத் தெரியாத உயிர் அது. காகிதம் கிழிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஓர் உயிரைத் தன் பொறுப்பில் வைத்துக் காப்பாற்றப் பழகிய பிள்ளை, நாளை தம்பி தங்கையையும், முதிய தாய் தந்தையையும் அதே கருத்தோடு பார்த்துக்கொள்ளும்.