கொதிக்கும் காரும் குளிர்விக்கும் கலமும்

விழா மலரில் தமிழாசிரியன் ஒருவன் எழுத முன்வருவானாயின், சங்க இலக்கியத்தையோ கல்லூரியின் பழம் பெருமையையோ அவன் எடுத்துரைப்பான் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. யாமோ ஒரு மோட்டார்க் காரின் ரேடியேற்றரைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். நகைப்பவர் நகைக்கட்டும். காரைப் பற்றிய எமது அறிவு கேள்வியறிவே. ஆயினும், எம் பழைய மாணவர் ஒருவரின் கை வெந்ததைக் கண்ணாற் கண்டவர் யாம். அந்தக் கையை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம்.

கடந்த ஆண்டு கல்லூரி மெய்வல்லுநர் போட்டியன்று, வாயிலருகே சிவப்பு நிற மினி கூப்பர் எஸ் கார் ஒன்று வந்து நின்றது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், ஓடக்கூடிய பழைய கார்களுக்கு இந்நாட்டில் எத்துணை மதிப்பு ஏறிற்று என்பதை அன்பர்கள் அறிவர். இளைஞரான அம்மாணவரும் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து அதனை வாங்கியிருந்தார். மலைநாட்டில் நடைபெறும் மலையேற்றப் போட்டியில் அதனை ஓட்ட வேண்டும் என்பது அவரது ஆசை. நின்ற காரின் முன்பக்கத்திலிருந்து நீராவி சீறிற்று. யாம் "பொறும்" என்று சொல்லி முடிப்பதற்குள், அவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகிவிட்டார். அதன் பின் இரண்டு கிழமை அவரது வலக்கை கட்டுடன் இருந்தது.

கை ஆறியதும் அவர் செய்த முதல் வேலை, பளபளக்கும் அலுமினிய ரேடியேற்றர் ஒன்றைப் பெருவிலை கொடுத்து வருவித்துப் பூட்டியதே. பழையது பழைய இரும்பு வாங்குபவரிடம் போயிற்று. எட்டு மாதம் கழிந்தது. மீண்டும் எம்மிடம் வந்தார். "சேர், புதிசாய்ப் போட்டதும் ஒழுகுது" என்றார். எமக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் நீரை வடித்தார். துருக் கலந்து செந்நிறமாய் வந்தது. ஒழுகிய இடத்தை விரலாற் தடவினார். ஊசித்துளை போன்ற அரிப்பும் வெண்படையும் தெரிந்தன. "மாஸ்ரர், இது ரேடியேற்றரின்ரை பிழை இல்லை. தண்ணியின்ரை பிழை. தம்பி கிணத்துத் தண்ணியல்லோ விட்டிருக்கிறார்" என்றார். இளைஞர் தலைகுனிந்தார். அவரது வீடு கடலோரத்தது. கிணற்று நீரும் சற்று உவர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து யாம் கொண்ட கருத்து ஒன்றே. கெட்ட பொருளை மாற்றுவதற்கு முன் அது கெட்ட காரணத்தை அறிதல் வேண்டும். காரணம் இருந்தபடியே இருக்கப் பொருளை மட்டும் மாற்றுபவர், அடுத்த கேட்டுக்கு நாள் குறிக்கின்றார். நோயைக் கண்டு, அதன் முதலைக் கண்டு, பின்னரே மருந்தை நாடுக என்று வள்ளுவர் மருத்துவனுக்குக் காட்டிய முறை, மோட்டார்க் காருக்கும் பொருந்துவதே.

எஞ்சினில் எரியும் பெற்றோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் சில்லைச் சுழற்றுகின்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையுடன் போகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியை நீர் சுமந்து சென்று ரேடியேற்றரிற் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். விரைவுக் காரில் எரிவது மிகுதி. ஆதலின் சுமையும் மிகுதி. மினியின் அமைப்போ தனியானது. 1959 இல் வெளிவந்த அக்காரில், அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் இடத்தை மிச்சப்படுத்த எஞ்சினைக் குறுக்காக வைத்தார். ரேடியேற்றரை முன்முகத்தில் வையாது இடப்பக்கத்தில் வைத்தார். விசிறி காற்றை அதனூடாகத் தள்ளிச் சில்லறைப் பக்கமாக வெளியேற்றும். அந்த ஒடுங்கிய இடத்திலிருந்துகொண்டே மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோப் போட்டியில் வென்றது. எனவே, பக்கத்து ரேடியேற்றர் பயனற்றது என்பாரின் கூற்று ஏற்கத்தக்கதன்று. அதன் விசிறியும், காற்றைச் சிதறாது செலுத்தும் தகட்டு மறைப்பும் செவ்வனே இருத்தல் வேண்டும் என்பதே உண்மை.

கார் கொதித்தால் ரேடியேற்றரே குற்றவாளி என்று துணிவது நீதியன்று. விசிறி பெல்ற் தளர்ந்திருக்கலாம். தேமோஸ்ரற் திறவாது இறுகியிருக்கலாம். கீழ் றப்பர்க் குழாய் உறிஞ்சலால் ஒட்டிக்கொள்ளலாம். தீப்பொறி பிந்தி விழலாம். ஹெட் கஸ்கற் கசிந்து எரிவாயு நீருக்குட் புகலாம். மூடியின் வில் சோர்ந்திருக்கலாம். இவற்றுட் பல சிறு செலவில் தீர்வன. தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று கூறும் அன்பர்களும் உளர். அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாது தேயும். நோய் மறையுமேயன்றித் தீராது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரும் புதியது வேண்டுமென்றால், எதனைத் தெரிவது? செம்பும் பித்தளையும் கொண்டு ஈயத்தாற் பற்றவைத்த பழைய வகை ஒன்று. அலுமினிய வகை மற்றொன்று. வெப்பத்தைக் கடத்துவதிற் செம்பே மேலானது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 வீதமே. ஆயினும் அலுமினியத்தின் அடர்த்தி 2.7, செம்பினதோ 8.9. எனவே எடை குறையும். அகன்ற குழல்களை அமைத்தலும் இயலும். போட்டிக்கென்றே கார் வைத்திருப்பவர் அதனை நாடுவது தவறாகாது. ஆனால் அரிப்புக்கு அது எளிதில் இரையாகும். ஒழுகினால் எல்லாக் கராஜிலும் ஒட்ட இயலாது. செம்புப் பித்தளை வகையையோ, மேற்தொட்டியைக் கழற்றிக் குழல்களைக் கோலிட்டுத் துடைத்து மீண்டும் பற்றவைக்கலாம். ஆண்டில் இரண்டொரு நாள் போட்டிக்கும் மற்றைய நாளெல்லாம் தெருவுக்கும் காரை எடுப்பவருக்கு, திருத்தக்கூடியதே தக்கது என்பது எமது துணிபு.

தடித்தது சிறந்தது என்னும் மயக்கமும் உண்டு. இரண்டு வரிசைக் குழல் உள்ளதை விட நான்கு வரிசை உள்ளது இருமடங்கு குளிர்விக்கும் என்று எண்ணுதல் கூடாது. முன்வரிசையைக் கடந்த காற்று சூடேறியே பின்வரிசையை அடைகின்றது. தடிப்பு மிகமிகக் காற்றுப் போவதும் தடைப்படுகின்றது. மினியின் சிறு விசிறிக்கு இது பெருஞ்சுமை. எனவே காற்று இலகுவிற் புகும் நல்ல இரண்டு வரிசை, அடைபட்ட நான்கு வரிசையிலும் மேலானதாதல் கூடும். வாங்குமுன் தாங்கியின் துளைகளும், குழாய்வாய்களும், விசிறிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியும் பொருந்துமா என்று அளந்து பார்த்தல் வேண்டும். பளபளப்பை அளவுகோல் காட்டாது.

இனி நீரைப் பற்றிக் கூறுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். அதனூடாக ஊறும் எம் கிணற்று நீர் வன்னீர். அதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தேநீர்க் கேத்தலின் அடியைப் பார்த்தாற் போதும். அங்கே படியும் வெண்படை ரேடியேற்றர்க் குழல்களிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். படை வெப்பத்தைத் தடுக்கும், குழலை அடைக்கும். கடலோரக் கிணற்றின் உவரோ அலுமினியத்தைத் துளைபோட அரிக்கும். ஆதலின் காய்ச்சி வடித்த நீரையே இடுதல் வேண்டும். அதுவும் தனியே போதாது. இரும்பு எஞ்சினும் அலுமினிய ரேடியேற்றரும் ஒரே நீரில் நிற்கும்போது அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்திருத்தல் இன்றியமையாதது.

கடைகளில் விற்கும் கூலன்றில் அம்மருந்து உண்டு. அதனுடன் உள்ள எதிலீன் கிளைக்கோல், பாதிக்குப் பாதி கலந்தால், கொதிநிலையை ஏறத்தாழ 107 பாகை செல்சியசுக்கு உயர்த்தும். ஆயினும் அக்கலவை தனி நீரளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. உறைபனி அறியாத எம் ஊருக்குக் கிளைக்கோல் மிகுதியாக வேண்டியதில்லை. அரிப்புத் தடுப்பே முதன்மையானது. போட்டித் திடல்கள் பலவற்றில் கிளைக்கோலை அனுமதிப்பதுமில்லை. தரையிற் சிந்தினாற் சறுக்கும். அங்கே செல்பவர் அரிப்புத் தடுக்கும் வேறு மருந்தை வடித்த நீரிற் கலந்து இடுவர். பழைய பச்சைநிறக் கூலன்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. புதிய ரேடியேற்றரைப் பூட்டுமுன் எஞ்சினின் உட்புறத்தைப் பலமுறை கழுவுதலும் வேண்டும். எம் மாணவர் இதனைச் செய்யவில்லை. பழைய எஞ்சினின் துரு புதிய ரேடியேற்றரிற் குடிபுகுந்தது.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். அதன் வில் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 121 பாகையிலேயே கொதிக்கும். அதனாற் கார் கொதியாது ஓடுகின்றது. ஆனால் சூட்டோடு மூடியைத் திறந்தால், அழுத்தம் நீங்கிய கணமே நீர் ஆவியாகிப் பாயும். துணி அதனைத் தடுக்காது. எஞ்சினை நிறுத்தி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை காத்திருத்தலே வழி. அரைமணி நேரப் பொறுமை இரண்டு கிழமை வேதனையிலும் மலிவானது.

"இக்காலத்தில் யார் இவ்வளவு பார்ப்பர்? புதியதை வாங்குவதே இலகு" என்று வெளிநாட்டிலிருந்து வரும் எம் அன்பர்கள் கூறக்கூடும். அவர்கள் வாழும் நாடுகளில் அது பொருந்தலாம். 1990 ஆம் ஆண்டுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாம் மாணவராயிருந்தோம். பெற்றோல் கிடையாது. சிறிது பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன. உதிரிப்பாகமும் வராத அந்நாளில், அக்கார்களை ஓடச் செய்தவை ஈயமும் சூட்டுக்கோலும் பிடித்த கைகளே. அக்கைகளுட் பல இன்று முதுமையில் நடுங்குகின்றன. அவற்றிடம் கற்க வருவார் அரியர். பரீட்சைப் பெறுபேற்றை மட்டுமே கல்வியென்று போற்றிய எம் போன்ற ஆசிரியர்களுக்கும் இக்குறையிற் பங்குண்டு என்பதை யாம் மறைக்க விரும்பவில்லை.

பழைய மாணவர் சங்கத்தார் விழாவின் பேறாகக் கல்லூரிக்குப் பலவற்றைச் செய்யத் திட்டமிடுகின்றனர். அவற்றோடு, சனிக்கிழமைகளில் மாணவர் சிலர் முதிய தொழிலாளர் ஒருவரின் பக்கத்தில் நின்று கற்க ஒரு சிறு தொழிற்கூடமும் அமையுமாயின், அது பெரும் பேறாகும். கட்டடம் பெரிதாய் இருக்க வேண்டியதில்லை. ஒரு மேசையும் சில ஆயுதங்களும் கற்பிப்பவருக்குத் தகுந்த வேதனமும் போதும்.

அம்மாணவரின் கார் இப்போது ஓடுகின்றது. அதே முதியவர் எங்கோ தேடிப் பெற்ற பழைய செம்பு ரேடியேற்றரைத் துடைத்துப் பற்றவைத்துப் பூட்டினார். பற்றவைக்கும்போது பக்கத்தில் நின்று கோலைப் பிடித்தவர் அம்மாணவரே. கையில் வடு இன்னும் உண்டு. மூடியைத் திறக்குமுன் அவர் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றார்.