இரண்டு சாக்கெட் இருந்தால் இரண்டு திரை வந்துவிடுமா?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் லேப்டாப்போடு இரண்டு மானிட்டரை இணைக்கத் திணறுவது வெறும் சோம்பேறித்தனமாம். சென்ற இதழ்க் கட்டுரையாளர் தீர்ப்பெழுதிவிட்டார். வைத்தியமும் அவரே சொல்கிறார்: டைப்-சி உள்ள எந்த லேப்டாப்பானாலும் சரி, இரண்டு எச்டிஎம்ஐ கொண்ட மலிவான ஹப் ஒன்றைச் செருகினால் போதும், படம் வராவிட்டால் குறை செருகியவரிடம். ஒரு மேக்புக் ஏரில் அதைச் செருகிப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கலாம்.

2020இல் வந்த எம்1 ஏரும் 2022இல் வந்த எம்2 ஏரும் வெளியே ஒரே ஒரு திரையைத்தான் ஏற்கும். ஆப்பிளே விவரக் குறிப்பில் போட்டிருக்கிறது. படிக்கக் காசு கேட்பதில்லை. 2024இன் எம்3 ஏர் இரண்டைத் தாங்கும், லேப்டாப்பை மூடி வைத்தால். திறந்த லேப்டாப்போடு இரண்டு திரை என்பது 2025இல் எம்4 ஏர் வந்த பிறகுதான். இவர் சொல்லும் ஹப்பை எம்1இல் மாட்டினால் இடப்பக்கம் எக்செல் தெரியும். வலப்பக்கமும் அதே எக்செல், அதே கட்டத்தில் அதே கர்சர். விலை கூடிய மேக்புக் ப்ரோவிலும் அந்த ஹப் இரட்டைப் பிள்ளைதான் பெறும். ஒரே இணைப்பில் போகும் சிக்னலைப் பிரித்து வெவ்வேறு படம் காட்டும் எம்எஸ்டி முறைக்கு மேக்ஓஎஸ் இடம் தருவதில்லை. இதில் சோம்பேறி யார்?

விண்டோஸில் எம்எஸ்டி வேலை செய்யும். அங்கேயும் "எந்த லேப்டாப்பானாலும்" என்பது அபத்தம். டைப்-சி என்பது சாக்கெட்டின் வடிவம் மட்டுமே. பல லேப்டாப்களில் அது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும். அதே சாக்கெட் வழியே படத்தையும் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் இல்லையென்றால் இத்தகைய ஹப்பில் படம் வராது. ஆல்ட் மோட் இருந்தாலும் கணக்கு இடிக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2இன் நான்கு தடங்களும் சேர்ந்து கடத்துவது நொடிக்கு 17.28 கிகாபிட். 60 ஹெர்ட்ஸில் ஒரு 4கே திரையே ஏறத்தாழ 12.5 கிகாபிட் தின்றுவிடும். இரண்டாவது 4கே எங்கே நுழையும்? போதாக்குறைக்கு, ஹப் யுஎஸ்பி 3 வேகத்தையும் தருவதென்றால் பாதித் தடம் அதற்குப் போய்விடும். அப்புறம் 4கே, 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஜன்னலைப் பிடித்து இழுத்தால் தயங்கித் தயங்கி வரும்; நாள் முழுக்க அதைப் பார்த்தால் கண் கெஞ்சும். இரண்டும் சாதாரண 1080பி மானிட்டர், ஆல்ட் மோட் உள்ள விண்டோஸ் லேப்டாப் என்றால் அவர் யோசனை பலிக்கும். அதற்கு மேல் உறுதி இல்லை.

டிஸ்ப்ளேலிங்க் என்ற மாற்று வழியை ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் ஒதுக்குகிறாரே, அதுதான் பெரிய அநியாயம். எம்1 வைத்திருப்பவருக்குக் கை கொடுப்பதே அதுதான். படத்தை மென்பொருள் சுருக்கி யுஎஸ்பி வழியே அனுப்ப, ஹப்பிலுள்ள சிப் அதை விரித்துக் காட்டும். டிரைவர் போட வேண்டும், மேக்கில் திரைப்பதிவு அனுமதி கேட்கும், பிராசஸருக்குச் சுமை, காப்புரிமைப் பூட்டுள்ள ஓடிடி படங்கள் கறுப்பாகவே தெரியலாம். ஆனால் டேலியும் மெயிலும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்க அது தாராளம்.

வாசகர்களே, பணம் கொடுக்குமுன் உங்கள் லேப்டாப் மாடலின் விவரக் குறிப்பில் எத்தனை வெளித்திரை, எந்த ரெசல்யூஷன் என்று பாருங்கள். பிறகு ஹப் எம்எஸ்டியா டிஸ்ப்ளேலிங்க்கா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். "எல்லா லேப்டாப்லயும் ஓடும் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.