வீடு கிடைச்சாச்சு… உங்கள் பெயர் எங்கே?

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் பிளேனோ, இர்விங், ஃபிரிஸ்கோ என்று எங்கே குடிபோனாலும் முதல் வாரமே கறிவேப்பிலை கிடைத்துவிடும். இட்லி மாவு, கோயில், தமிழ் பேசும் அக்கம்பக்கம் எல்லாம் உண்டு. 'அப்பாடா, செட்டில் ஆயாச்சு' என்று ஊருக்கு வீடியோ காலில் சொல்லியும் விடுவோம்.

கணவரின் எச்1பி விசாவை ஒட்டி எச்4 விசாவில் வரும் தோழிகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் என் பெயரில் என்ன இருக்கிறது?

பல வீடுகளில் பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கும். வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், வங்கிக் கணக்கு, கார் எல்லாம் கணவர் பெயரில். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. சம்பளமும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அவரிடம் இருப்பதால் அப்படியே நடந்துவிடுகிறது. எச்4 விசாவில் வேலை அனுமதி இல்லாதவரை அந்த எண் பொதுவாகக் கிடைக்காது. 2015 முதல் எச்4 மனைவியருக்கும் வேலை அனுமதி தருகிறார்கள் என்றாலும், கணவரின் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். அதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம்.

அவர் வெளியூர் போன நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்தான் இதன் கஷ்டம் புரியும். அதனால் வந்த கையோடு இவற்றைச் செய்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். முகவரிக்கான அத்தாட்சி அதுதான். கரன்ட், இன்டர்நெட் பில் ஏதாவது ஒன்றில் உங்கள் பெயரைச் சேருங்கள். லைசென்ஸ் எடுக்க டெக்சாஸில் இப்படி இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள்.

அடுத்தது, நூலக அட்டை. ஊர்வாசிகளுக்கு இலவசம். அந்த ஊர் உங்கள் பெயர் போட்டுத் தரும் முதல் அட்டையாகவும் அது இருக்கலாம். குழந்தைகளுக்குக் கதை நேரம், பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று பல நூலகங்களில் நடக்கும். முதல் சிநேகிதி அங்கேயே கிடைப்பாள்.

ரொம்ப முக்கியம், டிரைவிங் லைசென்ஸ். பிளேனோவிலும் இர்விங்கிலும் டார்ட் ரயில் உண்டு. ஃபிரிஸ்கோவுக்கு அதுவும் இல்லை. ரயில் இருந்தாலும் ஸ்டேஷன் வரை போக வேண்டுமே! கோடையில் 40 டிகிரி வெயிலில் பால் வாங்க நடப்பது நடக்காத காரியம். எழுத்துத் தேர்வில் பாஸானால் பழகுநர் உரிமம் தருவார்கள். 21 வயது தாண்டிய, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டலாம். டெஸ்ட்டில் பேரலல் பார்க்கிங் உண்டு. அதை நன்றாகப் பழகுங்கள். கணவர் கற்றுக்கொடுத்தால் சண்டை வரும் என்று தோன்றினால், பணம் கொடுத்துப் பயிற்சியாளரிடம் போவதே நல்லது!

வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், பாஸ்போர்ட்டும் விசாவும் பார்த்தே சேர்க்கும் வங்கிகளும் உண்டு. ஒரு வங்கி மறுத்தால் அடுத்ததில் கேளுங்கள்.

இன்னொன்று, வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடியும். அவர் தெரிவித்தால் போதாது. உங்களுக்கும் குழந்தைக்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும்.

கணவர்களே, வேலை போனால் அடுத்த வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த நேரத்தில் காரோட்டவும் வங்கிக்குப் போகவும் தெரிந்த இன்னொருவர் வீட்டில் இருந்தால் உங்களுக்கும்தானே பலம்? இந்த சனிக்கிழமையே நூலகத்திலிருந்து தொடங்குங்கள்.